சோறு வைத்தோம், கதவைப் பூட்டினோம்



பூனையைக் கட்டி வைத்த பெண்ணைப் பற்றிய நபிமொழியை அறியாதவர் நம்மில் அரிது. இப்னு உமர் (ரலி) அவர்கள் அறிவித்து, புகாரி, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் பதிவாகியுள்ள செய்தி அது. மக்தப் மதரஸாவில் ஆண்டுதோறும் அதனைப் பாடமாக நடத்தி வருகிறோம். பிள்ளைகள் விழி விரியக் கேட்பார்கள். எங்கோ வாழ்ந்த ஒருத்தியின் செய்தியாகவே நாமும் அதனைச் சொல்லிக் கடந்து வந்தோம். சென்ற ஆண்டு அப்பாடம் எங்கள் வீட்டுக்குள்ளேயே வந்து அமர்ந்தது.

எங்கள் இல்லம் கோவை கரும்புக்கடையில், ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் மூன்றாம் தளத்தில் இருக்கிறது. உக்கடம் மீன் சந்தையருகே மழையில் நடுங்கிக் கிடந்த குட்டி ஒன்றை எங்கள் மகள் துப்பட்டாவில் பொதிந்து கொண்டுவந்தாள். ஷேரு என்று பெயரிட்டோம். கீழே ஓயாத வாகன ஓட்டம். ஆகவே ஷேரு வீட்டுக்குள்ளேயே வளர்ந்தது. மதரஸா, பள்ளிக்கூடம், தையலகம் என்று நாங்கள் ஆளுக்கொரு திசையில் புறப்பட்டுவிட்டால் அஸர் வரையில் வீட்டில் அது மட்டுமே இருக்கும்.

உறவினர் வீட்டு நிக்காஹுக்காகப் பொள்ளாச்சி சென்றோம். ஓரிரவுப் பயணம் என்று எண்ணியிருந்தோம். அங்கே பெரியவர் ஒருவருக்கு உடல்நலம் குன்றியதால் அது மூன்று நாட்களாக நீண்டது. புறப்படும்போது ஒரு பெரிய தட்டு நிறைய உலர் தீவனம், இரண்டு கிண்ணங்களில் தண்ணீர், மணல் தட்டு எல்லாம் வைத்தோம். சன்னல்களை அடைத்து, கதவைப் பூட்டினோம். கடமை முடிந்தது என்றே நம்பினோம். இடையே 40 கிலோமீட்டர் தொலைவுதான். எங்களில் ஒருவர் வந்து பார்த்துத் திரும்பியிருக்கலாம். அது எவருக்கும் தோன்றவில்லை.

மூன்றாம் நாள் மஃரிபுக்குப் பின் கதவைத் திறந்தோம். தட்டில் தீவனம் பெரும்பாலும் அப்படியே இருந்தது. திரைச்சீலை கிழிந்து தொங்கியது. ஷேரு மணல் தட்டில் குந்தியபடி முக்கிக்கொண்டிருந்தது. ஒரு சொட்டும் வரவில்லை. எங்களைக் கண்டதும் அது எழுப்பிய குரலை இன்றும் மறக்க இயலவில்லை.

கால்நடை மருத்துவர் குழாய் செலுத்திச் சிறுநீரை வெளியேற்றினார். ஆண் பூனையின் சிறுநீர் வழி மிகக் குறுகலானது. அது அடைபட்டால் ஓரிரு நாட்களில் உயிர் போய்விடும் என்றார். தண்ணீர் குறைவாகக் குடிப்பது ஒரு காரணமாகலாம். அச்சமும் மன உளைச்சலும் பூனையின் சிறுநீர்ப்பையைத் தாக்கும் என்றும் விளக்கினார். பிறகு ஒரு கேள்வி கேட்டார்: "நீங்க இல்லாத நேரத்துல இது என்னங்க செய்யும்?" எங்களிடம் விடை இல்லை. ஒருநாளும் நாங்கள் அதனை எண்ணிப் பார்த்ததேயில்லை.

அல்லாஹ்வின் கிருபையால் ஷேரு பிழைத்தது. சில வாரங்களில் மதரஸாவில் அதே நபிமொழிப் பாடம் வந்தது. பத்து வயதுச் சிறுவன் ஒருவன் எழுந்து, "ஹஜ்ரத், அந்தம்மா சோறு போட்டுக் கட்டி வெச்சிருந்தா தப்பில்லீங்களா?" என்று கேட்டான். உணவும் நீரும் கொடுத்து வளர்ப்பது ஆகுமானதே என்று மார்க்க அறிஞர்கள் இந்நபிமொழியிலிருந்தே விளக்கியுள்ளனர். அந்த விடையைச் சொன்னோம். சட்டப்படி அது சரியான விடை. ஆயினும் உள்ளம் அமைதியுறவில்லை.

அன்றிரவு அந்நபிமொழியை மீண்டும் ஓதிப் பார்த்தோம். அப்பெண்மீது சொல்லப்படும் குற்றம் இரு பகுதிகளைக் கொண்டது. அவள் அதற்கு உணவளிக்கவில்லை. பூமியிலுள்ள சிற்றுயிர்களைத் தானே தேடித் தின்னவும் அதனை விடவில்லை. இத்தனை ஆண்டுகளும் முதற்பகுதியையே அழுத்திச் சொல்லி வந்தோம். இரண்டாம் பகுதியில் பூனையின் வாழ்க்கை முழுவதும் அடங்கியிருக்கிறது. தேடுவதும், பதுங்குவதும், பாய்வதும் அல்லாஹ் அதற்கு அளித்த இயல்பு. சாலையின் ஆபத்துக்கு அஞ்சி நாம் கதவை அடைக்கிறோம் என்றால், அந்தத் தேடலை வீட்டுக்குள் அமைத்துத் தரும் பொறுப்பும் நம்முடையதாகிவிடுகிறது.

உக்கடம் சந்தையில் மீன் வெட்டும் இடத்தருகே அமர்ந்திருக்கும் பூனைகளைப் பாருங்கள். ஒரு துண்டுக்காகக் காத்திருந்து, நழுவி, தாவி, சுவரேறி அவற்றின் பகல் கழிகிறது. பூனை ஒரே வேளையில் வயிறு நிறைய உண்ணும் உயிரன்று. சிறு இரைகளாகப் பலமுறை பிடித்து உண்ணும் இயல்புடையது. அதற்குத் தட்டு நிறையத் தீவனத்தைக் குவித்து வைத்தால், பசி தீரலாம், பகல் தீராது.

அபூஹுரைரா (ரலி) அவர்களுக்கு அப்பெயர் வந்த வரலாறு திர்மிதியில் உள்ளது. குடும்பத்தாரின் ஆடுகளை மேய்த்து வந்த அவர்களிடம் ஒரு சிறு பூனை இருந்தது. இரவில் அதனை ஒரு மரத்தில் வைப்பார்கள். பகலில் உடன் அழைத்துச் சென்று அதனோடு விளையாடுவார்கள். உயரமான பாதுகாப்பிடம், துணை, விளையாட்டு மூன்றும் அச்செய்தியில் இருக்கின்றன. அமெரிக்காவின் ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் டோனி பஃபிங்டன் என்னும் கால்நடை மருத்துவரும் அவருடைய குழுவினரும், காரணம் புலப்படாத சிறுநீர்ப்பை நோயுற்ற வீட்டுப் பூனைகளின் வாழிடத்தைச் சீரமைத்துப் பார்த்தனர். நோய்க்குறிகள் குறைந்தன, அச்சமும் குறைந்தது என 2006இல் வெளியான அவர்களுடைய ஆய்வு கூறுகிறது.

எங்கள் வீட்டில் செய்த மாற்றங்கள் எளியவை. தீவனத்தை ஒரே தட்டில் வைப்பதை நிறுத்தினோம். முட்டை வரும் அட்டைத் தட்டின் குழிகளில் சிறிது, துளையிட்ட அட்டைப்பெட்டிக்குள் சிறிது, பரண்மேல் சிறிது என்று ஒளித்து வைத்துவிட்டுப் புறப்படுகிறோம். மீன் வேகவைத்த உப்பில்லா நீரைத் தீவனத்தில் கலந்து தருவதால் உடலில் நீர் சேர்கிறது. சன்னலில் உறுதியான கம்பிவலை பொருத்தி, அருகே ஒரு பலகை அடித்தோம். காகங்களையும் அணில்களையும் பார்த்தபடி ஷேரு அங்கேயே நெடுநேரம் அமர்ந்திருக்கிறது. மணல் தட்டுகளை இரண்டாக்கினோம். பொள்ளாச்சிப் பக்கத்துத் தென்னை நார்த்தூள் அதற்கு நன்றாகவே பயன்படுகிறது.

எல்லாவற்றிலும் பெரிது, புறப்படும் முன்னர் தரும் பத்து நிமிடம். குச்சியில் கட்டிய துணிக்கீற்றை இழுத்து ஓடவிட்டு, அது பாய்ந்து பிடித்ததும் ஒரு கவளம் தருகிறோம். வேட்டை முடிந்து உண்ட பூனை தன்னை நக்கிச் சுத்தம் செய்துகொண்டு உறங்கிவிடுகிறது. பின்னர் அக்குச்சியை அலமாரியில் பூட்டிவிட வேண்டும். நம் ஊரில் தையல் இல்லாத வீடு குறைவு. தனித்திருக்கும் பூனை நூலை விழுங்கினால் குடலையே சுருக்கிவிடும். ஊருக்குப் புறப்படும் அவசரத்தில் வீட்டைப் பினாயிலால் கழுவும் வழக்கத்தையும் விட்டோம். பினாயில் வகைகள் பலவற்றிலுள்ள ஃபீனாலைப் பூனையின் உடலால் எளிதில் முறிக்க இயலாது. அந்துருண்டையும் அதற்கு நஞ்சுதான்.

ஓரிரவு வெளியே தங்க நேர்ந்தால் சாவியை எதிர்வீட்டு மூதாட்டியிடம் கொடுக்கிறோம். "நீங்க போய்ட்டு வாங்க கண்ணு, நான் பார்த்துக்கறேன்" என்பார். காலையும் மாலையும் வந்து தண்ணீர் மாற்றி, சற்று நேரம் பேசிக்கொண்டிருந்துவிட்டுச் செல்கிறார். தீவனம் குறைந்ததா, மணல் நனைந்ததா என்று அவரே தொலைபேசியில் சொல்லிவிடுகிறார். பூனை ஒரு நாள் முழுதும் உண்ணாமலிருந்தாலோ, சிறுநீர் வராமல் முக்கினாலோ காத்திருக்கலாகாது என்பதை அவருக்கும் சொல்லி வைத்திருக்கிறோம்.

அபூகதாதா (ரலி) அவர்கள் உளூவுக்கு வைத்த தண்ணீரைப் பூனை குடிப்பதற்காகப் பாத்திரத்தைச் சாய்த்துக் கொடுத்ததையும், அதனை வியந்து நோக்கிய மருமகள் கப்ஷாவுக்கு அவர்கள் சொன்ன விளக்கத்தையும் முவத்தாவில் காண்கிறோம். பூனைகளை நம்மிடையே சுற்றி வருபவை என்று நபி (ஸல்) அவர்கள் குறிப்பிட்டார்கள் என்பதே அவ்விளக்கம். பூனை வாய்வைத்த நீரின் தூய்மை குறித்த சட்டமாகவே அதனைக் கற்பித்து வந்தோம். சுற்றி வரும் உயிருக்குச் சுற்றி வர ஓர் இடமும் மனிதரும் வேண்டும் என்பது, அந்த மூன்று நாட்களுக்குப் பிறகே எங்களுக்கு விளங்கிற்று.

அச்சிறுவனுக்கும் மறுவாரம் விடையை முழுமையாக்கினோம்: "சோறு போட்டால் குற்றமில்லை, மகனே. ஆனால் கதவை அடைத்தவர் வெளியே அது பெற்றிருக்கக்கூடிய மகிழ்ச்சிக்கும் பொறுப்பாளி." அவன் தலையசைத்து அமர்ந்தான். எங்கள் பிழையையும் அவ்வகுப்பில் மறைக்காமல் சொன்னோம்.

வாயில்லா ஜீவன்களின் அமானிதத்தைப் பேணி நடக்கும் நற்பேற்றினை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.