உறைந்த ஈரம்

ஜனவரியில் டிரெய்லர் பார்க்கப் போகிறேன் என்றதும் மனைவி, "ஏங்க, இந்தக் குளிர்லயா? ஏப்ரல்ல பாத்துக்கலாமே" என்றாள். ஏப்ரலில் விலை ஏறிவிடும். மினசோட்டாவில் டிராவல் டிரெய்லர்கள் பனிக்காலம் முழுக்க வீட்டுக்குப் பின்னால் தூங்கும். அந்த நேரத்தில் விற்க நினைப்பவர் பேரத்துக்கு இறங்கி வருவார் என்பது என் கணக்கு. 2012 மாடல், 24 அடி, 8,500 டாலர்.

விற்பவர் எழுபதைத் தாண்டியவர். வண்டி நிற்கும் இடம்வரை பனியை வழித்துப் பாதை போட்டு வைத்திருந்தார். அப்பா பழைய டிவிஎஸ் 50 வாங்கும்போது வண்டியைவிட விற்பவரின் வீட்டு வாசலைத்தான் அதிகம் பார்த்தார். இந்த வாசலைப் பார்த்திருந்தால் அப்போதே முன்பணம் கொடுத்திருப்பார்.

மைனஸ் 17 டிகிரி. டயர் பட்டன் தேயவே இல்லை. ஆனால் பக்கவாட்டில் 3114 என்றிருந்தது: 2014ஆம் ஆண்டின் 31ஆவது வாரத்தில் செய்த டயர். டிரெய்லர் டயர் ஓடித் தேய்வதைவிட நின்றே கெடும். "மாத்தணும்தான்" என்று அவரே சொன்னார். குழாய்களில் இளஞ்சிவப்பு ஆன்டிஃப்ரீஸ் நிரப்பியிருந்ததால் தண்ணீர் விட்டுப் பார்க்க வழியில்லை. காரில் கொண்டுபோயிருந்த சின்ன கம்ப்ரஸரால் தண்ணீர் இணைப்பு வழியே காற்றை ஏற்றிவிட்டு, இருவரும் கைகளைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு பத்து நிமிடம் கேஜைப் பார்த்தோம். முள் அசையவில்லை.

உள்ளே தரையில் குதித்துப் பார்த்தேன். கல். ஈரம் பார்க்கும் மீட்டரைச் சுவரில் குத்தினேன். காய்ந்த மரம் என்றது. மனைவிக்கு 'ஓகே போல இருக்கு' என்று மெசேஜ் அடிக்கும்போதுதான் உறைத்தது. ஊறிப்போன ப்ளைவுட்டும் உறைந்துவிட்டால் நல்ல பலகை மாதிரித்தான் விறைத்து நிற்கும். மீட்டர் அளப்பது மின்சாரம் எவ்வளவு கடக்கிறது என்பதை. பனிக்கட்டி தண்ணீரைப் போல மின்சாரத்தைக் கடத்தாது. 'என் மெஷின்ல ஓடுதே' என்று நாங்கள் ஆபீஸில் சொல்வோமே, அந்தக் கதைதான்.

ஃபர்னஸைப் போட்டு மூன்று மணி நேரம் விடலாமா என்று கேட்டேன். கேஸுக்கு நான் பணம் தருகிறேன் என்றதும் கையை வீசி மறுத்துவிட்டு, வீட்டுக்குள் கூட்டிப்போனார். அவர் மனைவி காபி கொடுத்து, சுபீரியர் ஏரிக்கரையில் இதே டிரெய்லரோடு எடுத்த படங்களைக் காட்டினார். இதை விற்றுவிட்டு அரிசோனாவில் மகள் வீட்டுக்குப் போகிறார்களாம். எனக்குக் காபி இறங்கவில்லை. ஒன்றும் இருக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டேன், எனக்காகவா அவர்களுக்காகவா தெரியவில்லை.

திரும்பிப் போய்க் கதவைத் திறந்ததும் வாசனை வந்தது. மழையில் நனைந்த சாக்கு நாள்கணக்கில் மூலையில் கிடந்தால் வருமே, அது. முன்பக்கக் கட்டில் மெத்தையைத் தூக்கி, இடது மூலையில் கட்டைவிரலை வைத்து அழுத்தினேன். டீயில் நனைத்த பிஸ்கட் போல உள்ளே போனது. மேலே, ஜன்னல் ஓரத்து சீலன்ட் வெடித்திருந்தது. எத்தனை மழையோ.

பெரியவர் கையுறையைக் கழற்றிவிட்டுத் தன் விரலையும் அங்கே வைத்தார். எடுக்கவே இல்லை.

"மெத்தைக்கு அடியில நான் பாத்ததே இல்ல" என்றார். பிறகு, "நீ ஹீட்டர் போடச் சொல்லலைன்னா வாங்கியிருப்பே இல்லையா?"

"ஆமா."

ஐந்தாயிரத்துக்குத் தருகிறேன் என்றார். பக்கச் சுவரைப் பிரித்துச் சட்டம் மாற்ற எனக்குக் கைவேலையும் தெரியாது, இடமும் இல்லை. வேண்டாம் என்று சொல்ல ரொம்ப நேரம் பிடித்தது. கேஸுக்கென்று நீட்டிய இருபது டாலரை அவர் வாங்கவில்லை.

இரண்டு நாள் கழித்து விளம்பரத்தைத் திறந்து பார்த்தேன். விலை 4,000. ஏரிக்கரைப் படங்களுக்கு நடுவில் புதிதாக ஒரு படம்: மெத்தை தூக்கியிருக்கிறது, மூலையில் ஒரு கட்டைவிரல் பாதிவரை உள்ளே போயிருக்கிறது.