மைக்கோடு

பென்சில்வேனியாவின் மலைக்கிராமங்களில், நன்றி நவிலல் விழாவை அடுத்து வரும் திங்கட்கிழமைதான் நெடுங்காலம் மான் வேட்டையின் முதல் நாளாக இருந்தது. 2019இல் அது சனிக்கிழமைக்கு மாறிவிட்டது. ஆயினும் அந்தத் திங்களன்று விடுமுறை விடும் பள்ளிகள் அங்கே இன்றும் உண்டு. 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு, இந்திய வாசகருக்கு வேட்டை என்பது பெரும்பாலும் பழைய நினைவுக்குறிப்புகளில் எஞ்சியிருக்கும் ஒரு சொல். அம்மலைகளிலோ அது நாட்காட்டியில் குறிக்கப்பட்ட ஒரு நாள்.

அறுபதைக் கடந்த அவர் அங்கே பிறந்து வளர்ந்தவர். லேத்துப் பட்டறையில் இரும்பு கடைந்து ஓய்வு பெற்றவர். தந்தை விட்டுச்சென்ற ரிவால்வர் ஒன்று அவரிடம் இருந்தது: ரூகர் நிறுவனம் 1959இல் வெளியிட்ட சூப்பர் பிளாக்ஹாக், .44 மேக்னம் தோட்டாவுக்கானது. ஆறு அறைகள் கொண்ட உருளையில் ஐந்தை மட்டும் நிரப்பி, சுத்தியை வெற்று அறையின் மேல் இறக்கி வைத்திருக்க வேண்டிய பழைய அமைப்பு அது. முன்குறியின் பின்முகத்தில் தந்தை ஒரு சிறு பித்தளைத் துண்டைப் பதித்திருந்தார். அந்திவெளிச்சத்திலும் அது கண்ணுக்குத் தட்டுப்பட வேண்டும் என்பதற்காக.

நாற்பது ஆண்டுகளாகத் தட்டுப்பட்டது. பிறகு மெல்ல மங்கியது. நடுவயதைக் கடக்கையில் கண்ணின் வில்லை இறுகிப்போகிறது. அண்மைக்கும் சேய்மைக்கும் மாறி மாறிக் குவியும் ஆற்றலை இழக்கிறது. வெறுங்கண்ணால் குறிபார்ப்பவர் பின்குறி, முன்குறி, இலக்கு என மூன்று தொலைவுகளை ஒரே நேர்க்கோட்டில் நிறுத்த வேண்டும். தமிழில் 'குறி' என்ற ஒரே சொல் அடையாளத்தையும் இலக்கையும் ஒருசேரச் சுட்டுகிறது. இளங்கண்ணுக்கு அவை அவ்வாறே ஒன்றாகி நிற்கும். முதிய கண்ணில் பிரிந்துவிடும். ஒன்றைத் தெளிவாகக் கண்டால் மற்றவை கரைந்துபோகும்.

அந்தக் கரைசலுக்கு ஒரு மான் விலை கொடுத்தது. முந்தைய ஆண்டின் முதல் நாள் மாலையில், அனுமதிக்கப்பட்ட நேரம் முடியச் சில நிமிடங்களே இருந்தபோது, அவர் ஒரு வெண்வால் மானைச் சுட்டார். மான் விழவில்லை, ஓடிற்று. சருகுகளின் மேல் சிந்திய குருதித் துளிகளைக் கைவிளக்குடன் பின்தொடர்ந்தார். ஓடைக்கரையில் தடம் அற்றது. மறுநாளும் பகல் முழுதும் தேடினார், கிடைக்கவில்லை. வீட்டில் எவரிடமும் அவர் இதைச் சொல்லவில்லை. வசந்தம் வந்ததும் ரிவால்வரில் தொலைநோக்கி பொருத்துவது பற்றி விசாரிக்கத் தொடங்கினார்.

ஸ்கோப் எனப்படும் அந்தத் தொலைநோக்கியைத் தேர்ந்தெடுப்பது எளிதாகவே இருந்தது. ரைபிளின் தொலைநோக்கியில் கண்ணைக் கண்ணாடிக்கு மூன்று நான்கு அங்குல தூரத்தில் வைக்க வேண்டும். கைத்துப்பாக்கியை நீட்டிய கையில் பிடிப்பதால், அதற்கென்று செய்யப்படும் தொலைநோக்கி ஏறத்தாழ ஒன்றரை அடிக்கு அப்பால் இருக்கும் கண்ணுக்கும் காட்சி தர வேண்டும். உருப்பெருக்கம் கூடக் கூடக் கையின் நடுக்கமும் பெருகித் தெரியும். காட்சிப் பரப்பும் குறுகும். ஆகவே இரண்டு மடங்கே போதும் என்று முடிவு செய்தார். நண்பர் ஒருவர் எடை குறைந்த செம்புள்ளிக் குறிநோக்கியைப் பரிந்துரைத்தார். அஸ்டிக்மாட்டிசம் உள்ள அவர் கண்ணுக்கு அந்தப் புள்ளி சிதறிய நட்சத்திரமாகவே தெரிந்தது.

தொல்லை கொடுத்தது தொலைநோக்கியைத் தாங்கிப் பிடிக்கும் அமைப்புதான். .44 மேக்னத்தின் வழக்கமான குண்டு 240 கிரெய்ன், அதாவது சுமார் பதினைந்தரை கிராம். அதைச் செலுத்தும் ரிவால்வரின் எடையோ ஏறத்தாழ 1.4 கிலோ மட்டுமே. எடை குறைந்த கருவி பின்னோக்கி விரைவாக உதைத்தெழும். அதன் மேல் அமர்ந்த தொலைநோக்கியோ இருந்த இடத்திலேயே இருக்க முயலும். துப்பாக்கி பின்னே போக, தொலைநோக்கி அதன் மேல் முன்னே நழுவும். ஒவ்வொரு சுடுதலிலும் இந்த இழுபறி நிகழ்கிறது.

முதலில், துளையிடாமல் குழலைச் சுற்றி இறுக்கிப் பிடிக்கும் ஒரு தாங்கியை இரவல் வாங்கிப் பொருத்தினார். தாங்கியும் குழலும் சேருமிடத்தில், இரண்டின் மேலும் படும்படி மெல்லிய மைக்கோடு ஒன்றை இழுத்தார். பட்டறையில் நாளெல்லாம் செய்த பழக்கம் அது: எது நகர்ந்தாலும் கோடு முறிந்து காட்டிவிடும். நான்கு சுற்றுகள் சுட்டதும் தாளில் விழுந்த துளைகள் ஒருபக்கமாக ஒதுங்கத் தொடங்கின. குனிந்து பார்த்தார். கோடு முறிந்து ஒரு மயிரிழை விலகியிருந்தது. உராய்வை மட்டுமே நம்பிய பிடி அது.

அடுத்த வழி, உருளைக்கு மேலுள்ள சட்டகத்தின் மேற்பட்டையில் துளையிட்டு, மரை போட்டு, அடிப்பட்டையைத் திருகாணிகளால் பூட்டுவது. வீவர் பட்டையா, 1995இல் அமெரிக்க இராணுவத் தரமான பிக்காட்டினி பட்டையா என்ற கேள்வி இருந்தது. வீவரின் குறுக்குப் பள்ளம் 0.180 அங்குலம், பிக்காட்டினியின் பள்ளம் 0.206 அங்குலம். வீவருக்கான வளையம் பெரும்பாலும் பிக்காட்டினியில் அமர்ந்துவிடும். பிக்காட்டினிக்கான வளையம் வீவரில் நுழையாது. ஒரு வட்டாரத்தார் பேச்சு அண்டை வட்டாரத்துக்குப் புரிய, அண்டையார் பேச்சு இவர்களுக்குப் புரியாமல் போவதுபோன்ற ஒருவழி உறவு.

ஆனால் பட்டையைத் தேர்வதற்கு முன்பே அவர் கை தயங்கியது. அதைத் தந்தைமேல் கொண்ட பற்று என்று மனைவி கருதினார். அவரோ அப்படி எண்ணவில்லை. தந்தையே அந்தக் கருவியை அறுத்துப் பித்தளை பதித்தவர். மகன் துளையிட்டால் கோபித்திருக்க மாட்டார். அவரைத் தடுத்தது பட்டறை அறிவு. மேற்பட்டை மெல்லியது; திருகாணிக்கு அங்கே கிடைப்பது சில சுற்று மரை மட்டுமே. பட்டையில் உதைப்பைத் தாங்கும் முட்டு இல்லையெனில், ஒவ்வொரு உதைப்பும் அந்தச் சில மரைகளின் மேல்தான் விழும். தளர்ந்தால் மீண்டும் இறுக்கலாம். இட்ட துளையை மட்டும் திரும்ப மூட முடியாது.

கடைசியில் தந்தையின் ரிவால்வரை அப்படியே விட்டுவிட்டு, அதே நிறுவனத்தின் சூப்பர் பிளாக்ஹாக் ஹண்டர் ஒன்றைப் பழைய விலைக்கு வாங்கினார். அதன் குழல்மேல் உள்ள தடித்த விலாப்பட்டையில் பிறைவடிவப் பள்ளங்கள் ஆலையிலேயே வெட்டப்பட்டிருக்கும். தொலைநோக்கியின் வளையங்கள் நேராக அவற்றில் அமர்கின்றன. வளையம் முன்னே நழுவ முயன்றால் எஃகின் சுவர் எதிர்கொள்ளும். திருகாணியின் வேலை வளையத்தைப் பள்ளத்தில் அமர்த்தி வைப்பது மட்டுமே. தொலைநோக்கி குழலின் மேல் முன்தள்ளி இருப்பதால், சுத்தியை இழுக்கும் கட்டைவிரலுக்கும் இடையூறில்லை. 1987இல் வந்த சூப்பர் ரெட்ஹாக்கில் இத்தகைய பள்ளங்கள் சட்டகத்திலேயே உண்டு. அது இன்னும் உறுதி என்று அவர் ஒப்புக்கொண்டார். ஆனால் நாற்பது ஆண்டுகளாக ஒரே வடிவப் பிடிக்குப் பழகிய கையை அறுபதில் மாற்ற அவர் துணியவில்லை.

மரைகளின் எண்ணெயைத் துடைத்தார். வளையங்களைப் பள்ளத்தின் முன்சுவரைத் தொடும்வரை தள்ளினார். திருகாணிகளைச் சிறிது சிறிதாக மாற்றி மாற்றி இறுக்கினார். பின்பு வளையத்துக்கும் தொலைநோக்கிக்கும் குறுக்கே ஒன்று, வளையத்துக்கும் விலாப்பட்டைக்கும் குறுக்கே ஒன்று என இரண்டு மைக்கோடுகள் இழுத்தார்.

கோடை முழுதும் காகிதத் தட்டுகளைச் சுட்டார். கண்ணாடி நூறு கஜத்துக்கு அப்பாலும் தெளிவாகவே காட்டியது. ஆனால் தட்டு வேறு கணக்குச் சொன்னது. உட்கார்ந்து, முழங்காலில் கையை ஊன்றிச் சுடும்போது, அறுபது கஜம் வரை ஆறு குண்டுகளும் ஆறு அங்குலத் தட்டுக்குள் விழுந்தன. எழுபதில் ஒன்று வெளியே போயிற்று. முந்தைய ஆண்டின் மான் நின்ற இடத்தை அவர் அடியெண்ணி அளந்து வந்திருந்தார். அது எழுபதுக்கும் மேல். அன்று பிழைத்தது கண் மட்டும் அல்ல என்பது அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. ஒட்டுநாடாவில் '60' என்று எழுதி, பிடியை நோக்கிய வளையத்தின் பக்கவாட்டில் ஒட்டினார்.

வேட்டையின் முதல் நாளில், எண்பதடிக்கு இருமடங்குக்கும் அப்பால் ஒரு மான் வந்தது. கண்ணாடியில் அதன் இமை மயிர்கூடத் தெரிவதுபோல் இருந்தது. சுத்தியை இழுக்காமலே கையைத் தாழ்த்தினார். மான் நெடுநேரம் மேய்ந்துவிட்டுப் போயிற்று. அடுத்த வாரம் வேறொன்று நாற்பது கஜத்துக்குள் வந்து, பக்கவாட்டாக நின்றது. சுட்டதும் சில எட்டுகள் பாய்ந்து, அவர் கண்முன்னேயே விழுந்தது.

அருகில் சென்று, அது அசையவில்லை என்று உறுதி செய்துகொண்டு, பனி தட்டிய ஒரு மரத்தடியில் அமர்ந்தார். மூக்குக்கண்ணாடியை மாட்டி, ரிவால்வரை வெளிச்சத்துக்குத் திருப்பினார். இரண்டு கோடுகளும் முறியாமல் இருந்தன.