அம்பாங் ஈயமும் செத்தாபாக் சுத்தியலும்

கோலாலம்பூருக்கு வருபவர்கள் இரட்டைக் கோபுரத்தின் அடியில் நின்று படம் எடுக்கிறார்கள், பத்துமலைப் படியேறுகிறார்கள், பிரிக்பீல்ட்ஸில் வாழையிலைச் சாப்பாடு சாப்பிடுகிறார்கள். கோபுரம் நிற்கும் சாலையின் பெயர் ஜாலான் அம்பாங். அந்தச் சாலை எந்த ஊருக்குப் போகிறதோ, அந்த ஊரின் மண்ணுக்கடியில் கிடந்த வெள்ளீயத்தால் உருவானது இந்த நகரம். ஈயத்தையும் அதில் வேலை செய்யும் கைகளையும் பார்க்க விரும்பி ஒரு வேலை நாளில் புறப்பட்டேன்.

புறப்பட வேண்டிய இடம் மஸ்ஜித் ஜாமெக். கிள்ளான் ஆறும் கோம்பாக் ஆறும் அங்கே கலக்கின்றன. 1857ஆம் ஆண்டு கிள்ளானை ஆண்ட ராஜா அப்துல்லா, 87 சீனத் தொழிலாளர்களைப் படகில் ஏற்றி ஆற்றின் மேல்பகுதிக்கு அனுப்பினார். ஆறுகள் கூடுமிடத்தில் கரையேறியவர்கள் காட்டுக்குள் நடந்து அம்பாங்கை அடைந்து குழி வெட்டினார்கள். ஒரே மாதத்தில் 69 பேரை மலேரியாக் காய்ச்சல் கொண்டுபோனது. எஞ்சியவர் 18 பேர். மறுபடியும் ஆள் அனுப்பப்பட்டது. 1859இல் அம்பாங் ஈயம் வெளியூருக்குப் போனது. சுரங்கத்துக்கு அரிசியும் எண்ணெயும் தர ஆற்றோரத்தில் எழுந்த கடைகளே பிறகு கோலாலம்பூர் ஆயின.

மஸ்ஜித் ஜாமெக்கில் இன்று எல்ஆர்டி ஏறினால் நேராக அம்பாங்கில் இறங்கலாம். 1996இல் ஓடத் தொடங்கிய இந்த ரயில், பழைய அம்பாங் கிளைப்பாதையின் தடத்தில் பெரும்பாலும் போகிறது. 1886இல் கோலாலம்பூரைக் கிள்ளான் பக்கம் இணைத்த முதல் ரயில் பாதைக்கும் ஈயமே காரணம். மலாயாவின் தண்டவாளங்களைப் போட்டுப் பராமரித்ததில் தமிழர் சிந்திய வியர்வை பெரிது. ஈயத்தின் கதை சீனர் கதை மட்டும் என்று நாம் ஒதுங்கிவிட முடியாது.

அம்பாங்கில் இப்போது சுரங்கம் இல்லை. எங்கள் பெரியவர்கள் 'ஈயலம்பம்' என்று சொன்ன குழிகளில் பல மண் மூடி வீடுகளாகிவிட்டன. சில குளங்களாகத் தங்கின. அம்பாங் ஹிலிர் ஏரியும் முன்பு ஈயக்குட்டை. இன்று அதன் கரையில் மக்கள் காலை ஓட்டம் ஓடுகிறார்கள். 1862இல் தோன்றிய ஒன்பது பேரரசர் கோயிலையும் இந்த ஊர்ப் பெயரோடு புகழ்பெற்ற யோங் தாவ் ஃபூ உணவுக் கடைகளையும் பார்த்துவிட்டு, ஈயம் இன்னும் உயிரோடிருக்கும் செத்தாபாக்குக்குப் போனேன்.

அங்கே ராயல் சிலாங்கூர் பட்டறை இருக்கிறது. சீனாவின் சுவாத்தோவிலிருந்து 1885இல் சிறுவனாக வந்த யோங் கூன், சாமி மேடைக்கு வேண்டிய ஊதுவத்திச் செப்பும் மெழுகுவத்தித் தண்டும் செய்து தொடங்கிய தொழில் இது. பொருள் பியூட்டர். நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் வெள்ளீயம், உறுதிக்காகக் கொஞ்சம் செம்பும் ஆன்டிமனியும். முகப்புக் கூடத்தில் பழைய முதலை வடிவ ஈயக் காசுகளைக் காணலாம். இந்த மண்ணில் ஈயம் பணமாகவே புழங்கியிருக்கிறது.

பட்டறையில் முதல் வேலை வார்ப்பு. உருகிய உலோகத்தைக் கரண்டியில் மொண்டு அச்சில் ஊற்றுகிறார்கள். கண் இமைக்கும் நேரத்தில் உறைகிறது. சூடு குறைந்தால் அச்சின் மூலைக்கு உலோகம் போய்ச் சேராது. ஓரத்தில் வழிந்ததும் பழுதானதும் மறுபடி சட்டிக்கே திரும்பும். வெள்ளீயம் 232 டிகிரியிலேயே உருகிவிடும். கும்பகோணத்து ஈயச் சொம்பில் ரசம் வைத்தவர்களுக்கு இது புதிதல்ல. வெறும் சொம்பை அடுப்பில் வைக்கக் கூடாது, உள்ளே நீர் இருக்க வேண்டும் என்று பாட்டிமார் எச்சரித்தது இந்த 232 டிகிரிக்காக.

அடுத்தது மெருகு. மெம்பலாஸ் என்ற காட்டுக்கொடியின் சொரசொரப்பான இலையால் தேய்த்துப் பளபளப்பேற்றும் பழக்கம் யோங் கூன் காலத்தது. தமிழ்நாட்டுத் தச்சர்கள் மரத்தைத் தேய்க்கப் பிராய் இலையை வைத்திருந்தார்கள். உப்புத்தாள் வருமுன் இரு கரையிலும் கைத்தொழிலாளி காட்டிடமே கேட்டு வாங்கியிருக்கிறான்.

நான் அதிக நேரம் நின்றது சுத்தியல் மேசைக்கு முன். ஒரு குவளையை இரும்புத் தாங்கியில் செருகி, சுற்றிலும் சின்னச் சின்னக் குழிகள் விழும்படி ஓர் அம்மா தட்டிக்கொண்டிருந்தார். வரிசை பிசகவில்லை. குவளையில் அளவு காட்டும் கோடும் இல்லை, புள்ளியும் இல்லை.

"அளவு எப்படிக்கா தெரியுது?" என்றேன்.

"முதல் சுத்து சரியா விழணும் தம்பி. அடுத்த சுத்துக்கு அதுதான் வழி காட்டும்" என்றார், கை நிற்காமல்.

ஓர் அடி வலுத்தால் அந்த இடம் தனியே தெரியும். மெலிந்தால் வரிசை உடையும். ஆயிரம் அடியும் ஒரே வலுவில் விழ வேண்டும். மணிக்கட்டில் பல ஆண்டுகளாகச் சேர்ந்த இந்தக் கணக்கை எழுதிக்கொடுக்க முடியாது. பக்கத்தில் உட்கார்ந்து மட்டுமே கற்க முடியும்.

நிறுவனத்தின் நூற்றாண்டான 1985இல் ஏறக்குறைய இரண்டு மீட்டர் உயரமும் 1,557 கிலோ எடையும் கொண்ட குவளை ஒன்றைச் செய்தார்கள். அது இன்றும் வாசலில் நிற்கிறது. அதே ஆண்டு அக்டோபரில் உலக ஈயச் சந்தை சரிந்தது. லண்டன் உலோகச் சந்தை ஈய வணிகத்தையே நிறுத்தியது. மலேசியச் சுரங்கங்கள் ஒவ்வொன்றாய் மூடின. ஒரு காலத்தில் உலக ஈயத்தில் பாதியைத் தந்த நாட்டில் தோண்டும் தொழில் சுருங்கியது. வார்த்துத் தட்டும் தொழில் நிலைத்தது. மண்ணில் இருந்த செல்வம் தீரக்கூடியது. கையில் இருந்தது, கற்றுக்கொடுக்கும் வரை தீராது.

ஈய முதலாளி இயூ தோங் சென் 1935இல் கட்டிய மாளிகை ஜாலான் அம்பாங்கில் பத்திரமாக இருக்கிறது. சுதந்திர நாட்டின் முதல் நாடாளுமன்றம் 1959இல் கூடிய இடம் என்ற பெருமையும் அதற்குண்டு. அம்பாங்கில் மாண்ட 69 பேர் எண்ணாக மட்டும் நிற்கிறார்கள். தண்டவாளம் போட்ட நம் முன்னோரில் பலருக்கு அந்த எண்கூட இல்லை. அதனால் பட்டறைச் சுவரில், நெடுநாள் உழைத்தவர்களின் கை அச்சுகளைப் பியூட்டரில் பதித்திருப்பதை மிகப் பெரிய மரியாதையாகக் கருதுகிறேன்.

வங்சா மாஜு நிலையத்தில் இறங்கினால் பட்டறை கிட்டத்தில். வேலை நாளில் போங்கள், வேலை நடப்பதைப் பார்க்கலாம். கட்டணம் கட்டினால் ஒரு தகட்டை நீங்களே தட்டிக் கிண்ணமாக்கலாம். நம் தமிழ்ப்பள்ளிகள் பிள்ளைகளை அழைத்துப் போகும் இடங்களில் இதுவும் சேர வேண்டும். காலையில் ஆறுகள் கூடுமிடம், பிறகு அம்பாங், மதியம் சுத்தியல் மேசை. இந்த நகரத்தை யார் உண்டாக்கினார்கள் என்ற கேள்விக்கு, அந்தப் பிள்ளைகள் ஒரு முதலாளியின் பெயரை மட்டும் சொல்லி நிறுத்த மாட்டார்கள்.