15 கிலோ குடமும் அரைக் கிலோ பந்தும்



நம்ம பள்ளி மைதானத்தின் ஓரத்தில் ஒற்றைக் கம்பத்தில் ஒரு கூடைப்பந்து ரிங் நிற்கிறதே, அதைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கத்துக் கரிசல் மண்ணைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வெயிலில் பாளம் பாளமாக வெடிக்கும். மழை பெய்தால் காலோடு அப்பிக்கொண்டு வரும். இந்த மண்ணில் பந்தைத் தட்டினால் கைக்குத் திரும்பி வராது. சிமெண்டுத் தரை உள்ள டவுன் பள்ளிப் பிள்ளைகள் மாதிரி தட்டிக்கொண்டு ஓடிப் பழக நம்மால் முடியாது. ஆனால் ரிங்கைப் பார்த்து எறிவதற்குச் சிமெண்டுத் தரை எதற்கு? எறிவதில் நாம் யாருக்கும் குறைந்தவர்கள் இல்லை என்று காட்டலாம் என்பதுதான் என் கட்சி.

"பொம்பளப் பிள்ளைகளுக்குக் கையில வலு கிடையாது" என்று சிலர் சொல்கிறார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். பெண்கள் ஆடும் 6ஆம் எண் பந்தின் எடை அரைக் கிலோவுக்குச் சற்று மேல். குழாயடியிலிருந்து தினமும் நாம் தூக்கி வரும் ஒரு குடம் தண்ணீர் சுமார் 15 கிலோ. குடத்தைத் தூக்குகிறவளுக்குப் பந்தா கனம்?

எங்க அம்மா குடம் தூக்குவதைக் கவனித்துப் பார்த்தேன். அவங்க கையால் மட்டும் தூக்குவதில்லை. முழங்காலை மடித்து உட்கார்ந்து, எழும்புகிற வேகத்திலேயே குடத்தை இடுப்புக்குக் கொண்டுவந்து விடுகிறார்கள். பந்து எறிவதும் இதே மாதிரிதான் என்று உடற்கல்வி ஆசிரியை சொன்னாங்க. வலு காலிலிருந்து புறப்பட்டு, இடுப்பு, தோள், முழங்கை, மணிக்கட்டு என்று ஏறி, கடைசியில் விரல் நுனி வழியாகப் பந்துக்குப் போக வேண்டும். கை வழியைக் காட்டும். தள்ளி விடுவது கால்.

சரி, ஏன் உயரமாக எறிய வேண்டும்? ரிங்கின் உயரம் 305 செ.மீ. நான் 152 செ.மீ. என்னைப் போல இரண்டு பேரை ஒருவர் மேல் ஒருவராக நிறுத்தினால்தான் ரிங் எட்டும். ரிங்கின் குறுக்களவு 45 செ.மீ. பந்தின் சுற்றளவு சுமார் 72 செ.மீ. அதை 22/7 ஆல் வகுத்தால் பந்தின் குறுக்களவு ஏறத்தாழ 23 செ.மீ. சாப்பாட்டுத் தட்டை நேர் மேலிருந்து பார்த்தால் வட்டம். சாய்வாகப் பார்த்தால் ஒடுங்கித் தெரியும் அல்லவா? பந்துக்கும் ரிங் அப்படித்தான் தெரியும். 45 டிகிரிச் சாய்வில் இறங்கும் பந்துக்கு வாய் 32 செ.மீ. அகலம் இருக்கும். 30 டிகிரியில் இறங்கினால் சைன் 30 என்பது 1/2, ஆகவே வாய் 22.5 செ.மீ.தான்! 23 செ.மீ. பந்து இரும்பில் இடிக்காமல் எப்படி நுழையும்? திரிகோணவியல் எதற்குப் படிக்கிறோம் என்று கேட்கும் தோழிகளே, இதற்குத்தான்.

உயரமாக எறிய வலு வேண்டும். அதற்கு ஜிம் வேண்டாம். ஒருநாள் விட்டு ஒருநாள் நாங்கள் செய்வது இதுதான்:

தோப்புக்கரணம் 15 வீதம் மூன்று முறை. தண்டனை மாதிரி அவசரமாக அல்ல. மெதுவாக இறங்கி, வேகமாக எழ வேண்டும்.

வகுப்பறைப் படியில் நின்று குதிகாலைத் தூக்கி இறக்குவது 20.

தண்டால். முதலில் சுவரில் கை ஊன்றி, பிறகு பெஞ்சில், பிறகு தரையில்.

கயிறு தாண்டுதல் 100.

நம் வயதில் பெரிய எடையைத் தூக்கக் கூடாது. நம் உடம்பின் எடையே போதும். செய்து முடித்த பின் தண்ணீர் குடியுங்கள். சத்துணவு முட்டையை யாருக்கும் கொடுத்து விடாதீர்கள்!

வலு மட்டும் இருந்தால் போதாது, பழக்கமும் வேண்டும். மல்லாந்து படுத்து ஒரு கையால் பந்தை நேர் மேலே எறிந்து பிடியுங்கள். பந்து கோணலாகப் போனால் முழங்கை விலகுகிறது என்று அர்த்தம். பிறகு ரிங்குக்கு அருகே நின்று 10 கூடை விழுந்த பின்புதான் ஓர் அடி பின்னால் போக வேண்டும். இப்படியே பின்வாங்கி, போர்டிலிருந்து 4.6 மீட்டரில் உள்ள ஃப்ரீ த்ரோ கோட்டுக்கு வர வேண்டும். ஒவ்வொரு நாள் கணக்கையும் ஒரு நோட்டில் எழுதுகிறேன். ஜூன் மாதம் 20 எறிந்தால் 3 விழுந்தது. இந்த ஆகஸ்டில் 9 விழுகிறது. அடி மேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பது பொய்யில்லை.

கீழிருந்து இரண்டு கையால் எறிகிற தங்கச்சிகளைப் பார்த்துப் பையன்கள் சிரிக்கிறார்கள். அமெரிக்காவின் ரிக் பேரி அப்படித்தான் ஃப்ரீ த்ரோ எறிந்து, பத்துக்கு ஒன்பது போட்டார். சிரிப்பவர்கள் முதலில் பத்துக்கு ஒன்பது போடட்டும்.

நம் தமிழ்நாட்டிலேயே ஓர் அக்கா இருக்கிறார். சென்னையைச் சேர்ந்த அனிதா பால்துரை, 19 வயதில் இந்தியப் பெண்கள் அணிக்குத் தலைவி ஆனவர். தாயான பிறகும் அணிக்குத் திரும்பி வந்து ஆடினார். 2017இல் பெங்களூரில் ஆசியக் கோப்பை 'பி' பிரிவு இறுதி ஆட்டத்தில் இந்தியா கஜகஸ்தானை 75-73 என்று வென்றது. வித்தியாசம் இரண்டே புள்ளி, அதாவது ஒரே ஒரு கூடை! 2021இல் அனிதாவுக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

இப்போது நம்ம விஷயத்துக்கு வருகிறேன். போன வருஷம் எங்களோடு ஆடிய இரண்டு அக்காமார் இந்த வருஷம் வருவதில்லை. வீட்டில் போதும் என்று சொல்லிவிட்டார்கள். எங்க அப்பத்தாவும் "வயசுக்கு வந்த பிள்ளைக்குப் பந்து என்னத்துக்கு?" என்கிறது. அம்மா என் நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "குறுவட்டப் போட்டி முடியுற வரைக்கும் போ" என்று மட்டும் சொல்லியிருக்காங்க. அதற்குப் பிறகு என்னவென்று தெரியாது.

களத்தில் இறங்க ஐந்து பேர் வேண்டும். நாங்கள் சரியாக ஐந்து பேர்தான் இருக்கிறோம். இன்னும் ஒருத்தி நின்றுவிட்டால் அணியே கிடையாது. ஆகவே எட்டு, ஒன்பதாம் வகுப்புத் தோழிகளே, மாலை நாலரை மணிக்கு ரிங்கடிக்கு வாருங்கள். உயரம் தேவையில்லை, ஷூ தேவையில்லை. ஆசிரியர்களே, பெற்றோர் கூட்டத்தில் எங்கள் வீட்டாரிடம் ஒரு வார்த்தை பேசுங்கள். நீங்கள் சொன்னால் கேட்பார்கள். குடம் தூக்கும் கைக்குப் பந்து கனமில்லை என்று அவர்களுக்கும் தெரியட்டும்.



ஒன்பதாம் வகுப்பு மாணவி