சந்தாபுராவில் ஒரு குழி யந்திரம்

பெங்களூரிலிருந்து ஓசூருக்குச் செல்லும் பெருஞ்சாலையில், பொம்மசந்திராத் தொழிற்பேட்டையைக் கடந்ததும் சந்தாபுரா எதிர்ப்படும். ஊர் என்பதைக் காட்டிலும் கூட்டுச்சாலை என்பதே அதற்குப் பொருந்தும். ஆனேக்கல்லுக்கு ஒரு சாலை பிரிகிறது. தொம்மசந்திராவுக்கு மற்றொன்று பிரிகிறது. நேரே சென்று அத்திப்பள்ளியைத் தாண்டினால் தமிழ்நாட்டின் எல்லை. இரவென்றும் பகலென்றும் பாராமல் லாரிகள் ஓடிக்கொண்டிருக்கும். 2025ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் மெட்ரோ ரயிலின் மஞ்சள் வழித்தடமும் பொம்மசந்திரா வரையில் வந்து சேர்ந்தது. எனினும் எங்கள் மக்களுக்கு உற்ற துணை, அருகிலுள்ள ஹீலலிகே புகைவண்டி நிலையமே. அங்கே ஏறினால் ஓசூர், தருமபுரி, சேலம் என்று சொந்த மண்ணிலே இறங்கிவிடலாம். ரயில்வேயில் எழுத்தனாகப் பணிபுரியும் நான் இதைச் சொன்னால் துறைப்பற்று என்று நகைப்பார்கள். நகைக்கட்டும்.

இவ்வூரின் ஏரியைப் பற்றி நாளேடுகளில் படித்திருப்பீர்கள். அதைக் காக்கத் தவறியதற்காக 2022 அக்டோபரில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் கர்நாடக அரசுக்கு 500 கோடி ரூபாய் இழப்பீடு விதித்தது. அவ்வழக்கைப் பற்றி எழுதுவது என் நோக்கமன்று. ஏரிக்கு அப்பால், கேழ்வரகு விளைந்த செம்மண் நிலங்கள் மனைகளாக மாறிவருவதை மட்டும் இங்கே குறிப்பிட வேண்டும். மனை வாங்கியவர் வீடு கட்டுவது எப்பொழுதோ. வேலி அமைப்பதோ உடனே. அவ்வேலிக்கு ஆளுயரக் கருங்கல் தூண்களை நடுவது இப்பக்கத்து வழக்கம். ஜிகணிப் பக்கம் கல்லறுக்கும் பட்டறைகள் நிறைந்த இடமாதலின் தூணுக்குப் பஞ்சமில்லை. தூணுக்குக் குழி வேண்டுமே! அந்தக் குழியைத் தோண்டிப் பிழைப்பவர் எங்கள் பக்கத்து வீட்டு அண்ணன். மொரப்பூர்ப் பக்கத்தவர்; கடப்பாரையோடு இவ்வூருக்கு வந்து, பதினைந்து ஆண்டு உழைப்பின் பின் ஒரு யந்திரத்துக்கு உடைமையாளர் ஆனவர்.

அந்த யந்திரத்தை ஆகர் என்பார்கள்; எங்கள் தெருவில் ‘குழி மிஷின்’ என்றால் போதும். மேலே 52 சி.சி. கொள்ளளவுள்ள பெட்ரோல் எஞ்சின், கீழே திருகாணியைப் போன்று முறுக்கிய 8 அங்குல அகலத் துளைக்கோல், இருபுறமும் கைப்பிடி. இரண்டு பேர் பிடித்துக்கொண்டு அழுத்தினால், ஓர் ஆள் அரைமணி நேரம் கடப்பாரையால் போராடும் குழி இரண்டு மூன்று நிமிடத்தில் முடியும். வேரோ கல்லோ தட்டினால் மாத்திரம் கைப்பிடி திமிறித் திருப்பும், மணிக்கட்டுக்கு ஆபத்து. இது டூ ஸ்ட்ரோக் எஞ்சினாதலால் எண்ணெய்க்குத் தனி அறை கிடையாது. பெட்ரோலிலேயே டூ டி ஆயிலைக் கலந்து ஊற்ற வேண்டும். அண்ணனுடைய யந்திரத்துக்குக் கைப்புத்தகத்தில் கண்ட அளவு லிட்டருக்கு 40 மில்லி.

சென்ற தை மாதத்தில், மகளின் பேறுகாலத்தை முன்னிட்டு, அண்ணன் குடும்பத்தோடு ஊருக்குப் புறப்பட்டார். புறப்படுமுன் டாங்கியிலிருந்த பெட்ரோலை முழுவதும் வடித்து, எஞ்சினை ஓடவிட்டு அது தானாக நிற்கும்வரை காத்திருந்து, கோணியில் சுற்றி எங்கள் வீட்டுத் தாழ்வாரத்தில் வைத்தார். “பார்த்துக்கொள், தம்பி” என்றார். நான் பார்த்துக்கொண்ட விதத்தைத்தான் இனிச் சொல்லப்போகிறேன்.

எங்கள் தெருவில் நான்கு புங்கங்கன்று நட வேண்டுமென்று இளைஞர்கள் வந்து கேட்டார்கள். எனக்கும் யந்திரத்தை இயக்கிப் பார்க்க ஆசை. கோணியைப் பிரித்தேன். அரை லிட்டர் பெட்ரோல் ஊற்றினேன். எண்ணெய் சற்று மிகுந்தால் எஞ்சினுக்கு நல்லதுதானே என்று எண்ணி அதையும் கைதாராளமாகக் கலந்தேன். நான்கு குழிகளும் அழகாக முடிந்தன. யந்திரத்தைத் துடைத்துப் பழையபடி சுற்றி வைத்தேன். டாங்கியில் மிஞ்சியதை வடிக்கவில்லை. மூன்று திங்கள் அது அப்படியே இருந்தது.

சித்திரையில் அண்ணன் திரும்பினார். வந்தவுடனே நல்ல வேலையொன்று கிடைத்தது: ஆனேக்கல் சாலையோரம் ஒரு தோட்டத்துக்கு 120 தூண் குழிகள். திங்கட்கிழமை தொடங்கிப் புதன்கிழமைக்குள் முடித்தாக வேண்டும். தவறினால் டிராக்டரில் பூட்டிய பெரிய ஆகரை வரவழைத்துக்கொள்வதாகத் தோட்டத்துக்காரர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். சனிக்கிழமை மாலையில் அண்ணன் புதிய பெட்ரோல் ஊற்றிக் கயிற்றை இழுத்தார். இருபது முறை, முப்பது முறை இழுத்தார். எஞ்சின் ஒரு முறை இருமக்கூட இல்லை. கூட்டுச்சாலையருகே ஒரு கடைக்குத் தூக்கிச் சென்றோம். அங்கிருந்தவர் இரண்டு முறை இழுத்துப் பார்த்து, “பிஸ்டன் போய்விட்டது, புதிது வாங்குவதே மேல்” என்று கைகழுவினார். அண்ணன் ஒன்றும் பேசவில்லை. வாங்கிய கடனில் இன்னும் ஐந்து தவணை பாக்கி என்பது எனக்குத் தெரியும். என் வாயும் அன்று திறக்கவில்லை.

இரவெல்லாம் உறக்கம் பிடிக்கவில்லை. விடிந்ததும் கனடாவிலிருக்கும் என் மனைவியின் தம்பியைக் கைப்பேசியில் அழைத்தேன். எங்களுக்கு ஞாயிறு காலை. அவனுக்கு இன்னும் சனிக்கிழமை இரவு. அவன் இருக்கும் ஒன்டாரியோ மாகாணத்தில் சிம்கோ என்றொரு பெரிய ஏரி உண்டு. குளிர்காலத்தில் அது உறைந்து பாறைபோல் ஆகிவிடும். ஒருவர் நடப்பதற்குக் குறைந்தது 10 செ.மீ. கனமுள்ள தெளிந்த பனிக்கட்டி வேண்டும் என்பார்கள். அதன்மேல் கூடாரமிட்டு, பனிக்கட்டியில் துளையிட்டு, அத்துளைக்குள் தூண்டில் விட்டு மீன் பிடிக்கிறார்கள். துளையிடும் கருவி எது தெரியுமா? நம் அண்ணனுடைய ஆகரின் உடன்பிறப்பேதான்! மண்ணைக் கெல்லும் பற்களுக்குப் பதிலாகப் பனிக்கட்டியைச் சீவும் அலகுகள். எஞ்சின் இதே இனம். இக்காலத்தில் பாட்டரியால் இயங்குவனவும் பெருகிவிட்டனவாம். தன்னுடன் வேலை செய்பவர்களோடு சென்று இவனும் அப்பழக்கத்துக்கு ஆட்பட்டிருக்கிறான்.

நான் நடந்ததைச் சொன்னதும் அவன் சிரித்தான். “மாமா, இங்கே ஒவ்வொரு ஆண்டும் இதே கதைதான். பனி உருகியதும் ஆகரைக் கொட்டகையில் போட்டுவிடுவார்கள். பெட்ரோல் உள்ளேயே கிடக்கும். மறு குளிர்காலத்தில் ஏரியின் நடுவே நின்று கயிற்றை இழுத்து இழுத்துத் தோள் வலிப்பதுதான் மிச்சம். பிஸ்டனைப் பற்றிப் பிறகு கவலைப்படுங்கள். முதலில் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள்” என்று சொல்லி, வரிசையாக என்னென்ன செய்ய வேண்டுமென்று எழுதி அனுப்பினான்.

புங்கமரத்து நிழலில் கோணியை விரித்து அண்ணனும் நானும் அமர்ந்தோம். முதலில் எஞ்சினுக்கு இறுக்கம் உண்டா என்று பார்த்தோம். பிளக்கைக் கழற்றிவிட்டு அதன் துளையைக் கட்டைவிரலால் மூடிக் கயிற்றை இழுக்கையில், காற்று விரலைப் பலமாகத் தள்ளியது. பிஸ்டன் போயிருந்தால் இவ்விதம் தள்ளாது. அண்ணன் முகத்தில் சற்று உயிர் வந்தது. அடுத்து மின்பொறி. பிளக்கை அதன் கம்பியில் மாட்டி, உலோகப் பகுதி எஞ்சின் உடலில் படும்படி, திறந்திருக்கும் துளைக்கு எட்டத்தில் பிடித்து இழுத்தோம். துளையிலிருந்து பெட்ரோல் ஆவி வருமாதலால் அந்த எட்டம் அவசியம். நீலப் பொறி பளிச்சென்று தெரிந்தது. ஆனால் பிளக்கின் முனை உலர்ந்திருந்தது. அத்தனை முறை இழுத்தும் உலர்ந்திருக்கிறதென்றால் பெட்ரோல் உள்ளே எட்டவேயில்லை என்று பொருள். உறுதி செய்துகொள்ள, கலந்த பெட்ரோலில் சில சொட்டுகளைப் பிளக் துளையில் விட்டு, பிளக்கை மாட்டி இழுத்தோம். எஞ்சின் இரண்டு விநாடி சீறிவிட்டு அடங்கியது! தெருவே எட்டிப் பார்த்தது. எங்கள் அண்ணி அடுப்படியிலிருந்து ஓடிவந்தார்.

ஆக, நோய் பெட்ரோல் வரும் வழியில்தான். டாங்கியினுள் குழாயின் நுனியில் கிடக்கும் சிறு வடிகட்டியை வளைந்த கம்பியால் வெளியே இழுத்தோம். தேன்நிறப் பிசின் படிந்திருந்தது. கார்ப்பரேட்டரைப் பிரிக்க எங்களுக்குத் துணிவில்லை. தொம்மசந்திரா சாலையில், மருந்துத் தெளிப்பான்களும் மரமறுக்கும் வாள்களும் பழுது பார்க்கும் பெரியவர் ஒருவரிடம் சென்றோம். தெலுங்கு கலந்த கன்னடம் பேசுபவர். ஸ்கூட்டர் கார்ப்பரேட்டரில் மிதவை உண்டு. சாய்த்தும் கவிழ்த்தும் பிடிக்கும் இவ்வகை யந்திரங்களில் அது பயன்படாது. அதற்குப் பதிலாக டயாபிரம் என்னும் மெல்லிய தோல் உண்டு. பிஸ்டன் ஏறி இறங்கும்பொழுது எழும் காற்றழுத்தத் துடிப்பால் ஒரு தோல் அசைந்து பெட்ரோலை இறைக்கிறது. மற்றொரு தோல் ஊசியைத் திறந்து மூடி அளவிட்டு விடுகிறது. பெரியவர் நான்கு திருகாணிகளை நீக்கி அத்தோலை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். வாட வேண்டிய வெற்றிலை காய்ந்து சருகானதுபோல் விறைத்திருந்தது. நுண்சல்லடையிலும் அதே பிசின்.

“எத்தனை மாதம் பெட்ரோலோடு வைத்தீர்கள்?” என்று கேட்டார்.

“ஒரு சொட்டு விடாமல் வடித்துத்தான் வைத்தேன், சாமி” என்றார் அண்ணன்.

பெரியவர் தலையசைத்தார். இக்காலப் பெட்ரோலில் 20 விழுக்காடு எத்தனால் கலந்திருக்கிறது. அது காற்றிலுள்ள ஈரத்தை ஈர்க்கும். நாட்பட நின்றால் தண்ணீர் பிரிந்து அடியில் தங்கும். பெட்ரோல் ஆவியானபின் எண்ணெயும் கசடும் பிசினாகும். தோலும் ரப்பரும் கெடும் என்று நிதானமாக விளக்கினார். “வடித்த யந்திரத்தில் இது வராது. யாரோ ஊற்றியிருக்கிறார்கள்” என்றும் சொன்னார்.

அண்ணன் என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் எளிதாயிருக்கும். நான்தான் ஊற்றினேன் என்றும், நான்கு கன்றுகளுக்காக எடுத்தேன் என்றும், வடிக்க மறந்தேன் என்றும், நேற்றே சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் இருந்தேன் என்றும் அக்கடை வாசலில் நின்றவாறே கூறினேன். அண்ணன் சிறிது நேரம் சாலையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “டீ குடிக்கலாம் வா, தம்பி” என்றார். டீக்கடையிலும் வேறெதுவும் பேசவில்லை. அந்த மௌனத்தை என்னால் இன்றும் மறக்க முடியவில்லை.

நாங்கள் திரும்புவதற்குள் பெரியவர் புதிய தோல்களைப் பொருத்தி, துளைகளைக் காற்றால் ஊதி, வடிகட்டியையும் மாற்றியிருந்தார். அடைப்பட்டையையும் தோலையும் வரிசை மாற்றி வைத்தால் யந்திரம் ஓடாதாம். ஆதலால் கழற்றும்பொழுதே கைப்பேசியில் படம் பிடித்துக்கொள்கிறார்! ரப்பர்க் குமிழை ஐந்தாறு முறை அழுத்தி, சோக்கை மூடி இழுத்தார், இருமிற்று. சோக்கைத் திறந்து இழுத்தார், ஓடிற்று. ஆனால் துளைக்கோலை மண்ணில் வைத்து அழுத்தியதும் திணறியது. சைலன்சரைக் கழற்றிப் பார்த்தால் புகைபோகும் வாயில் கரி அடைத்திருந்தது. முன்னிருந்த கரியின்மேல் என் கைதாராளமும் சேர்ந்திருந்தது போலும்! அதைச் சுரண்டி, காற்று வடிகட்டியைச் சோப்பு நீரில் அலசிப் பிழிந்து உலர்த்தி மாட்டியபின், யந்திரம் முழுக்குரலில் பாடியது. தோலுக்கும் கூலிக்கும் சில நூறு ரூபாயே ஆயிற்று. பணத்தை நான் கொடுத்தேன். அண்ணன் தடுக்கவில்லை, அது எனக்கு ஆறுதலாக இருந்தது.

திங்களும் செவ்வாயும் விடுப்பு எடுத்துக்கொண்டு மறுபுறக் கைப்பிடியை நான் பிடித்தேன். எழுதும் கைக்கு அது எத்தகைய வேலை என்பதை என் முதுகு அறியும். செம்மண்ணின் கீழே சரளை. சரளையின் கீழே சில இடங்களில் பாறை. எழுபத்தெட்டாவது குழியில் துளைக்கோல் திமிறி என் கையை உதறிவிட்டது; அண்ணன் யந்திரத்தை நிறுத்திப் பழைய கடப்பாரையை எடுத்தார். புதன்கிழமை அவருடைய மைத்துனர் எனக்குப் பதிலாக வந்தார். அன்று பொழுது சாயுமுன் 120 குழிகளும் முடிந்தன.

பணி முடிந்து வந்து பார்த்தபொழுது, அண்ணன் வாசலில் டாங்கியைக் கவிழ்த்துக் கேனில் வடித்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் யந்திரத்தை நிமிர்த்தி என் பக்கம் நகர்த்தினார். நான் கயிற்றை இழுத்தேன். குழாயில் மிஞ்சியிருந்தது தீரும்வரை எஞ்சின் ஓடிற்று. பிறகு தானாகவே நின்றது. இன்னும் ஒருமுறை இழுக்கச் சொன்னார். இழுத்தேன், ஓசையில்லை. கோணியை என் கையில் கொடுத்தார்.