ஆறாம் வகுப்புக்குப் பசிக்காதா?

வரவு செலவுத் திட்டம் சட்டமன்றத்தில் படிக்கப்படும் நாளில் ஏடுகள் எதைத் தேடுகின்றன? எந்தப் பொருளுக்கு வரி ஏறிற்று, எத்தனை கோடி பற்றாக்குறை, எந்த நகருக்கு எந்தப் பாலம் — இவற்றைத்தான். மக்களின் வாழ்க்கைத் தரத்தை உயர்த்துவதே மன்றத்தின் வேலை என்று மேடைதோறும் முழங்கக் கேட்கிறோம். நல்லது, நண்பர்களே! முதலில் எதை உயர்த்துவது? பாலத்தையா, பாலகனையா?

அரசியல் சட்டத்தின் 47ஆவது பிரிவு இதற்கு ஒளிவு மறைவின்றி விடை தருகிறது. மக்களின் உணவூட்டத்தையும் வாழ்க்கைத் தரத்தையும் உயர்த்துவது அரசின் முதன்மைக் கடமைகளுள் ஒன்று என்கிறது. ஆனால் 37ஆவது பிரிவோ, இக்கடமையைக் காட்டி வழக்குமன்றத்தின் கதவைத் தட்ட இயலாது என்று தாழிட்டு வைத்திருக்கிறது. எஞ்சியிருப்பது சட்டமன்றத்தின் கதவு.

வரலாறு பயின்று பட்டம் பெற்றவன் நான்; பழைய ஏடுகளைப் புரட்டுவதில் எனக்கு ஒரு பித்து. 1920ஆம் ஆண்டில், பிட்டி தியாகராயர் தலைமையில் இருந்த சென்னை மாநகராட்சி மன்றம், ஆயிரம் விளக்குப் பள்ளியின் பிள்ளைகளுக்குச் சிற்றுண்டி வழங்க முடிவு செய்தது. செலவு, பிள்ளை ஒன்றுக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மேற்படாது. மேலும் நான்கு பள்ளிகளுக்கு அது பரவிற்று, வகுப்புகள் நிரம்பின. 1925இல் நின்றது. ஏன்? தொடக்கக் கல்வி நிதியை உணவுக்குச் செலவிடக் கூடாதென்று வெள்ளை அரசின் கணக்கு கூறிற்று! கல்விக்கென ஒதுக்கிய காசு கரும்பலகை வாங்கப் போகலாமாம். அந்தக் கரும்பலகையைப் பார்க்கும் கண்ணுக்கு ஒளி தரும் உணவுக்குப் போகக் கூடாதாம். நேர்மையான கணக்குத்தான். பட்டினி கிடந்தவர்கள் கணக்கர்கள் அல்லவே!

பின்னர் நடந்தது பலரும் அறிந்தது. 1956இல் காமராசர் ஆட்சியில் மதிய உணவு, 1982இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் சத்துணவு, 1989இல் கலைஞர் ஆட்சியில் முட்டை. இவற்றினூடே ஒரு சிறு செய்தியை மட்டும் நினைவில் வையுங்கள்: சிறுவர்களுக்கெனத் தொடங்கிய சத்துணவு, இரண்டே ஆண்டுகளில், 1984இல், பத்தாம் வகுப்புவரை நீட்டப்பட்டது.

காலை உணவு 2022 செப்டம்பர் 15 அன்று 1,545 பள்ளிகளில் தொடங்கிற்று. 2023இல் அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும், 2024இல் ஊரகத்து அரசு உதவிபெறும் பள்ளிகளுக்கும், 2025இல் நகரத்து உதவிபெறும் பள்ளிகளுக்கும் விரிந்தது. இடம் விரிந்தது, வயது விரியவில்லை. 2025இலும் ஐந்தாம் வகுப்பே எல்லை.

அந்த எல்லைக்கோடு எங்கே ஓடுகிறது என்பதை நான் கண்ணால் கண்டேன். நான் பணியாற்றும் ஊரில் மல்லிகைதான் வாழ்வு. அரும்பு மலர்வதற்குள் பறித்தாக வேண்டும். மலர்ந்த பூவுக்கு விலை இல்லை. ஆகவே விடியலுக்கு முன்பே தாய்மார் தோட்டத்தில் இருப்பார்கள். அடுப்பு மூட்ட வீட்டில் யார்? பூ உரிய நேரத்தில் சந்தைக்குப் போய்ச் சேருகிறது. சோறுதான் உரிய நேரத்தில் பிள்ளைக்கு வந்து சேருவதில்லை.

எங்கள் நடுநிலைப் பள்ளியில் ஒன்று முதல் எட்டுவரை ஒரே வளாகம். 2025ஆம் ஆண்டு, என் ஆறாம் வகுப்பு மாணவி ஒருத்தி நாள்தோறும் எட்டரை மணிக்கு முன்பே தம்பியைக் கைப்பிடித்து அழைத்து வருவாள். அவன் இரண்டாம் வகுப்பு. அவன் தட்டில் பொங்கலோ உப்புமாவோ விழும். அவள் தூணோரம் நிற்பாள். முந்தைய மார்ச்சுவரை அதே பந்தியில் அமர்ந்து உண்டவள்தான் அவளும்! தேர்வில் வென்று மேல்வகுப்புக்கு ஏறியதற்குப் பரிசு, காலைப் பட்டினி. முதல் பாடவேளையில் நிலப்படத்தை விரித்தால், "வயித்த வலிக்குது சார்" என்பாள். பசிக்கிறது என்று சொல்ல மாட்டாள். பதினொரு வயதில் மானம் வந்துவிடுகிறது.

உடன் பணியாற்றும் மூத்த ஆசிரியர் ஒருவர் கேட்டார்: "எல்லாவற்றையும் அரசே ஊட்டிக்கொண்டிருந்தால் பெற்றவர்களுக்குப் பொறுப்பு வருமா, தம்பி?" நல்ல மனிதர், எள்ளலாகக் கேட்கவில்லை. "ஐயா, அந்தத் தாய் நான்கு மணிக்கு எழுந்து தோட்டத்துக்குப் போவதும் பொறுப்பினால்தானே?" என்றேன். அவர் விடவில்லை: "எட்டாம் வகுப்புவரை நீட்டினால் செலவு?" அதுதான் நேரான கேள்வி. செலவு உண்டு, கூடும். ஆனால் அடுப்பு அங்கேயே எரிகிறது. சமைக்கும் மகளிர் அங்கேயே இருக்கிறார்கள். புதிதாகத் தேவைப்படுவது அரிசியும் ரவையும் பருப்பும், கூடுதல் கைகளுக்குக் கூலியும்.

தோழர்களே, இங்கே மன்றத்தின் நடைமுறையை நாம் அறிந்திருக்க வேண்டும். துறைதோறும் மானியக் கோரிக்கை வரும்போது உறுப்பினர்கள் ஒப்பலாம், மறுக்கலாம், வெட்டுத் தீர்மானம் கொண்டுவந்து குறைக்கலாம். ஆனால் 203ஆவது பிரிவின்படி, கேட்ட தொகைக்கு மேல் ஒரு காசும் கூட்ட மன்றத்தால் இயலாது. எனவே விவாத நாளில் எழுப்பும் குரல் செவிக்கு இனிமை. திட்டம் அச்சேறுமுன் எழுப்பும் குரலே சோற்றுக்கு வழி. நம் இளைஞர்கள் பலர் இதை அறியாமல், மார்ச்சில் கூட்டம் போட்டு ஏப்ரலில் களைத்துவிடுகிறார்கள்.

அந்த டிசம்பரிலேயே பள்ளி மேலாண்மைக் குழுவைக் கூட்டி, எட்டாம் வகுப்புவரை காலை உணவு கோரித் தீர்மானம் எழுதினோம். சட்டமன்ற உறுப்பினருக்கு ஒரு படி, துறைக்கு ஒரு படி. தோட்டத்திலிருந்து நேரே வந்த அந்த மாணவியின் தாய், கையொப்பம் இடுமுன் தாளை என்னிடமே திருப்பி நீட்டினார்.

"அடுத்த வருசம் இவ ஏழாவது போயிருவா. அதுக்கும் சேத்து எழுதியாச்சா சார்?"

அந்த வரியைக் காட்டினேன். படித்துப் பார்த்துவிட்டுக் கையொப்பம் இட்டார்.