திறவுகோற் கொத்தும் குழந்தை வலிப்பும்

குழந்தைக்கு வலிப்புக் கண்டவுடன் அதன் கையில் திறவுகோற் கொத்தைத் திணிக்கும் வழக்கம் நம்மவரிடையே இன்னும் ஒழிந்தபாடில்லை. இரும்பு பட்டால் வலிப்பு நிற்கும் என்பர். நின்றும் விடுகிறது, அதுதான் தொல்லை! காய்ச்சலால் வரும் வலிப்பு பெரும்பாலும் 5 நிமிஷத்திற்குள் தானே அடங்குவது. திறவுகோலே இல்லாத வீட்டிலும் அடங்கும். புகழ் மட்டும் இரும்புக்குப் போய்ச் சேருகிறது.

6 மாதம் முதல் 5 வயது வரையுள்ள குழந்தைகளில் நூற்றுக்கு 2 முதல் 5 பேருக்கு இவ்வலிப்பு வருவதுண்டு. இது பேயுமன்று, கருப்புமன்று. வளரும் மூளை காய்ச்சலுக்கு ஆற்றாமையால் நேர்வது.

இரும்பாவது குழந்தையின் கையோடு நின்றுவிடும். பெருங்கேடு மருந்தென்ற பெயரால் வருகிறது. நம் தோட்டத்து லயமொன்றில் 2 வயதுப் பெண் குழந்தைக்கு வலிப்பு வந்தபோது கூடினோர் செய்தவற்றை நாம் நேரிற் கண்டோம். ஒருவர் கரண்டிக் காம்பால் பற்களைப் பிளக்க முயன்றார். பாட்டி மூக்கில் வெங்காயச் சாறு பிழிய ஓடி வந்தார். மற்றொருவர் காய்ச்சல் மருந்துப் புட்டியைத் திறந்து வாயிலூற்றப் போனார். எல்லாம் அன்பினால்தான். ஆனால் நினைவிழந்த குழந்தை விழுங்கமாட்டாது. ஊற்றிய மருந்து மூச்சுக்குழலில் இறங்கினால் வலிப்பு கொல்லாத குழந்தையை மருந்து கொன்றுவிடும்.

தாய் ஒருத்திதான் நிதானமிழக்கவில்லை. அக்குழந்தைக்கு முன்னும் நீண்ட வலிப்பு வந்ததுண்டு. ஆஸ்பத்திரியில் தாதி கற்பித்ததை அவள் மறக்கவில்லை. எல்லாருடைய கைகளையும் விலக்கிவிட்டுக் குழந்தையை ஒருக்களித்துக் கிடத்தினாள். "வாயில ஒண்ணும் வைக்காதீங்க, ஐயா, நீங்க மணியைப் பாருங்க" என்றாள். பார்த்தோம். 5 நிமிஷம் கடந்தும் அடங்கவில்லை. 999க்குத் தொலைபேசியில் அழைக்கச் சொல்லிவிட்டு, டாக்டர் கொடுத்திருந்த சிறு குழாய் மருந்தை எடுத்தாள்.

அதன் பெயர் டயஸிபாம். 1963ஆம் ஆண்டு வாலியம் என்ற பெயரில் விற்பனைக்கு வந்த மருந்து. வலிப்புக் காலத்தில் அதைக் குழந்தையின் குதத்தில் செலுத்துவர். அவ்விடத்து மெல்லிய தோல் சில நிமிஷங்களில் அதை இரத்தத்தில் சேர்த்துவிடும். "நாலு பேர் நடுவே இது என்ன வெட்கக்கேடு!" என்றார் ஒரு முதியவர். குழந்தை மூச்சுத் திணறுகையில் வெட்கத்திற்கு அங்கே என்ன வேலை? அவள் செவிசாய்க்கவில்லை. குழாய் நுனியைச் செலுத்திப் பிதுக்கினாள். பிடியைத் தளர்த்தாமலே வெளியே எடுத்தாள், தளர்த்தினால் மருந்து குழாய்க்குள்ளே திரும்பிவிடுமாதலால். பிறகு பிட்டங்களைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். சற்று நேரத்தில் உதறல் தளர்ந்தது.

"இன்னுமொரு குழாய் போட்டால் நல்லதுதானே?" என்றார் பக்கத்து வீட்டுக்காரர். அவள் மறுத்தாள். இம்மருந்து மிகுந்தால் மூச்சையே மந்தப்படுத்தும். மருந்திட்ட நேரத்தைத் தாளிற் குறிக்கச் செய்து, ஆம்புலன்ஸ் வரும் வரை குழந்தையின் நெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தாள். மறுவாரம் அதே அயலார் தம் மகனுக்கென்று ஒரு குழாய் கடன் கேட்டாராம்! சர்க்கரை கடன் கேட்பதுபோல!

இம்மருந்தின் அளவு பெரும்பாலும் எடைக்குக் கிலோ ஒன்றுக்கு அரை மில்லிகிராம். 10 கிலோக் குழந்தைக்கு 5 மில்லிகிராம். டாக்டர் எடை பார்த்துத்தான் எழுதுகிறார். குழந்தை வளர வளர அவ்வெழுத்துப் பழசாகிவிடும். நித்தம் ரப்பர்ப் பால் நிறுவையை எழுதும் நாம் ஒன்று கவனிக்கிறோம்: பால் எடையில் சிறிது குறைந்தாலும் வழக்காடும் நம்மவர், பிள்ளையின் எடை என்ன என்று கேட்டால் விழிக்கின்றனர்.

இங்கிலீஷ் படித்தவர் என்பதால் மருந்துப் புட்டிகளோடு நம்மிடம் வருவோர் பலர். காய்ச்சல் மருந்தாகிய பாரசிட்டமாலில் 5 மில்லிலிட்டருக்கு 120 மில்லிகிராம் உள்ளதும் உண்டு, 250 உள்ளதும் உண்டு. புட்டி மாறினால் அதே கரண்டி இரு மடங்காகிறது. கரண்டிகளோ வீட்டுக்கு வீடு வேறு. (இம்மருந்து உடல் நோவைத் தணிக்குமேயன்றி வலிப்பைத் தடுக்காது என்பதைச் சொன்னால் பலர் நம்மை நம்புவதில்லை.) சீட்டுகளில் மலாயும் ஆங்கிலமும் இருக்கின்றன, தமிழ் இல்லை. ஆதலால் நாமே சிறு அட்டைகள் எழுதிக் கொடுக்கத் தொடங்கியிருக்கிறோம்: குழந்தையின் பெயர், எடை, நிறுத்த தேதி, டாக்டர் குறித்த அளவு, எத்தனை நிமிஷங் கழித்து, 999. இதுவரை 14 வீடுகளில் அவ்வட்டை சுவரில் இருக்கிறது. ஒரு வீட்டில் அதைத் திறவுகோற் கொத்து மாட்டும் ஆணியிலேயே மாட்டியிருக்கிறார்கள்.